இரண்டு முறை அடித்து நின்ற தொலைபேசி

வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும், தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது என்று குறைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அடிக்கட்டும் பிள்ளைகளே. அது அடிக்காமல் கிடந்த மூன்று வாரங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரங்களுக்குள் ஒரு மனுசியின் கால் போகப் பார்த்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

"அண்ணா, ரிட்டயர் ஆனதும் எங்கள மறந்துடாதீங்க. புதுசா வர்றவங்களுக்கு நாலு டிப்ஸ் எழுதிக் குடுங்க" என்று நம் மேலாளர் கவிதா கேட்டார். கணினியில் எதை எங்கே அழுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, ஈஸ்ட் டாமாக்கி கிடங்குகளில் பெட்டி தூக்கி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் பாபடோயிட்டோய் கிளினிக்கின் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். நாலு டிப்ஸ் என்னிடம் இல்லை. ஒரு சம்பவம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிற ஆள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் காரைத் திருப்புகிறவன். "இவருக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லையெண்டால், ஏன் ஒண்டுமில்லை எண்டு கவலைப்படுவார்" என்பாள் என் மனைவி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளியின் பெயரை மூன்று தரம் சரிபார்ப்பேன். வரிசை கதவு வரை போகும். மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சமோவாக்காரர். பெயர் போட்டால் உதைப்பேன் என்று சொல்லியிருப்பதால் பெயர் போடவில்லை. ஒருநாள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "கவலையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று யாராவது சொன்னால் கேட்காதே. கொண்டுவந்து மேசையில் வை. ஆனால் அதற்கு ஒரு வேலை கொடு. சும்மா இருக்கும் கவலைதான் ஆளைத் தின்னும்."

அது எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அந்தக் காலத்தில் கிளினிக்கில் மூன்று லைன்கள். காலை எட்டு மணிக்குத் திறந்தால் மூன்றும் ஒன்றாக அலறும். இவை போதாதென்று நம் ஆட்களின் மிஸ்ட் கால் வேறு. இரண்டு முறை அடித்து நிற்கும். எடுக்கக் கையை நீட்டுவதற்குள் நின்றுவிடும். யாரும் விளையாடவில்லை. என் ஃபோனில் காசு குறைவு, நீங்கள் திருப்பி அழையுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். ஊரிலிருந்தே கொண்டுவந்த பழக்கம். யோகம் அக்கா என்று ஒருவர். புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் கொட்டகையில் வேலை. நீரிழிவுக்காரர். வீடு மாறிப் போன பிறகும் எங்கள் கிளினிக்கை விடாமல் வருகிறவர். அவருக்கு எதுவென்றாலும் இரண்டு முறைதான் அடிக்கும். திரையில் விழும் எண்ணைப் பார்த்து நான் திருப்பி எடுப்பேன். "ஆ, தம்பியோ? சரியா எடுத்துப்போட்டீர்" என்பார், ஏதோ நானாக அவரை நினைத்து எடுத்ததுபோல.

சத்தம் தாங்க முடியாமல் மேசையில் இருந்த ஒரு பிள்ளை அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் கவிதா ஒரு தொலைபேசிக் கம்பனிக்காரரைக் கூட்டிவந்தார். கவிதாவைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. எங்களைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் செய்தார்.

புதிய எண், புதிய பொறி. அழைப்பை அதுவே எடுக்கும், மொழி கேட்கும், வரிசையில் நிறுத்தும், பாட்டுப் போடும். கிளினிக்குக்கு ஒரு சதமும் செலவில்லை என்று அந்த ஆள் படம் போட்டு விளக்கினார். கோடுகள் எல்லாம் மேலே மேலே போயின. டாக்டர் தலையாட்டினார், கவிதா தலையாட்டினார், நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தொண்டையில் ஒரு கேள்வி நின்றது. எங்களுக்குச் செலவில்லை என்றால், யாருக்குச் செலவு?

கேட்கவில்லை. படித்தவர்கள் தலையாட்டும் இடத்தில் எட்டாம் வகுப்புக்காரன் கையைத் தூக்கினால் சிரிப்பார்களோ என்ற பயம். கவலையை மேசையில் வை என்று சொன்னவர் பக்கத்தில்தான் இருந்தார். நான் அதை மேசைக்கு அடியில் வைத்தேன்.

வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "தமிழ் மெசேஜ் அண்ணாதான் பேசணும். உங்க குரல் நல்லா கம்பீரமா இருக்கும்" என்று கவிதா சொல்லிவிட்டார்.

நம் ஆட்களின் நிகழ்ச்சிகள் உங்களுக்குத் தெரியும். வரவேற்புரை இல்லாமல் மண்டபத்தில் விளக்குக்கூட எரியாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னை வரவேற்புரைக்குக் கூப்பிட்டதில்லை. கதிரை அடுக்கத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே மூன்று நாள் குளியலறையில் பயிற்சி எடுத்தேன். பிறகு கணீரென்று பதிவு செய்தேன்: "எங்கள் மருத்துவ நிலையத்தை நாடி அழைத்திருக்கும் அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி, நெஞ்சார, மனமார, வருக வருக என வரவேற்பதில் நாம் பெருமகிழ்வு கொள்கின்றோம். இப்பொன்னான வேளையிலே…" என்று அது போகும். கவிதா கைதட்டினார். மனைவி மட்டும், "பல்லுக்குத்துக்கு எடுக்கிறவனுக்கு என்ன பொன்னான வேளை?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய எண்ணை எல்லோருக்கும் கடிதத்தில் அனுப்பினோம். அடுத்த திங்கட்கிழமை தொலைபேசி அமைதியாக இருந்தது. செவ்வாயும் அப்படியே. கவிதா கேக் வாங்கிவந்தார். "பார்த்தீங்களா அண்ணா? எவ்வளவு நிம்மதி!"

எனக்கு நிம்மதி வரவில்லை. குளிர்காலம். சளி, காய்ச்சல், மூச்சிழுப்பு எல்லாம் தெருவில் நடமாடுகிற நேரம். ஊரே ஒரே வாரத்தில் சுகமாகிவிட்டதா?

இரண்டாவது வாரம் விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் சீருடையோடு வந்து நின்றார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்க மட்டும்.

"ஃபோனில கேட்டிருக்கலாமே அண்ணை?" என்றேன்.

"உங்கட ஃபோனுக்கு எடுக்கிறதெண்டால் நான் ஓவர்டைம் செய்யவேணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "மற்ற நம்பருக்கெல்லாம் என்ர பிளானில ஃப்ரீ. உங்கட நம்பருக்கு மட்டும் நிமிசத்துக்கு நிமிசம் காசு வெட்டுறான். அதுக்குள்ள நீங்கள் நெஞ்சார வேற வரவேற்கிறியள்."

தொண்டையில் நின்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. கவிதாவிடம் போனேன். "அது சின்ன சார்ஜ்தான் அண்ணா. இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தான். ரிப்போர்ட் பாருங்க, வெயிட்டிங்கே இல்ல!" என்றார். ரிப்போர்ட்டில் கோடு கீழே இறங்கியிருந்தது. கோடு இறங்கினால் நல்லது என்றார்கள். நானும் பேசாமல் வந்துவிட்டேன். இது என் இரண்டாவது மௌனம்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றரை. காத்திருப்போர் அறை நிரம்பி வழிந்தது, ஏனென்றால் அழைக்க முடியாதவர்கள் எல்லோரும் நேரில் வந்துவிட்டார்கள். மேசைக்கு முன்னால் இரண்டு பேர். கவிதா ஒரு தாளைக் கொண்டுவந்து, "இத ஃபைல்ல போட்டுடுங்க அண்ணா" என்று வைத்துவிட்டுப் போனார். இடையில் துண்டிக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியல். நான் எதையும் மூன்று தரம் பார்க்கிறவன் அல்லவா? கோப்பில் போடுவதற்கு முன் பார்த்தேன்.

ஒரே எண் எட்டுத் தடவை, மூன்று நாட்களுக்குள். முதல் இரண்டு அழைப்பும் ஏறக்குறைய ஒரே நீளம். மிச்சம் ஆறும் சில விநாடிகள்தான். கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. திரையில் எத்தனையோ முறை பார்த்த எண்.

"கவிதா, இது யோகம் அக்கா. மிஸ்ட் கால் தந்திருக்கிறா."

"பாக்கெட்ல வச்சு தெரியாம அழுத்தியிருப்பாங்க அண்ணா. வேணும்னா மறுபடியும் கூப்பிடுவாங்க. கட் ஆனவங்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட வேணாம்னு கம்பனிலயே சொல்லியிருக்காங்க. இப்ப கியூவைப் பாருங்க, ப்ளீஸ்."

வரிசையைப் பார்த்தேன். ஒரு தாய், கையில் இருமுகிற குழந்தை. அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர். கவிதா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மேசையில் ஒருவன்தான் இருக்கிறான், முன்னால் நிற்பவர்களை விட்டுவிட்டு முன்னால் இல்லாதவரைத் தேடுவது சரியா? அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: முன்னால் நிற்பவர்கள் என்னைக் கூப்பிட முடியும். அவரால் முடியவில்லை, எட்டுத் தடவை முயன்றும். தாயிடம், "இரண்டு நிமிசம் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பாடா! தம்பி, மூண்டு நாளா மிஸ்ட் கால் தாறன். இப்பதான் கண்டீரோ?"

"மன்னிக்கவேணும் அக்கா. என்ன விசயம்?"

"முதல் நாள் நீர்தான் எண்டு நினைச்சன். 'தம்பி, கொஞ்சம் நில்லும், நான் சொல்லுறதைக் கேளும்' எண்டு கத்துறன், நீர் விடாமல் கதைச்சுக்கொண்டு போறீர். பெரியோர்களே எண்டுறீர், தாய்மார்களே எண்டுறீர். பொன்னான வேளை எண்டேக்கை காசு முடிஞ்சு கட் ஆயிட்டுது. அடுத்த நாள் திரும்ப அவ்வளவு காசுதான் போட்டு எடுத்தன். அதே இடத்தில கட். பிறகு இன்னும் கொஞ்சக் காசு போட்டு மிஸ்ட் கால் தந்தன். அதுக்கும் வெட்டுறான் தம்பி!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நம் மிஸ்ட் கால் மனிதருக்கென்று உண்டானது. மனிதன் எடுக்க நேரமாகும், அதற்குள் வைத்துவிடலாம். பொறி முதல் மணியிலேயே எடுத்துவிடும், எடுத்த கணமே காசு ஓடத் தொடங்கும். மூன்று நாளாக அந்த மனுசி காசு கொடுத்து என் வரவேற்புரையைக் கேட்டிருக்கிறார்.

"சரி அக்கா, இப்ப சொல்லுங்கோ. என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. கால்ல சின்னக் கொப்புளம்."

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். அது பதில் இல்லை, வணக்கம் மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

"சப்பாத்துப் போட ஏலுமோ அக்கா?"

"சப்பாத்தோ? செருப்பே போட ஏலாது. பொலித்தீன் பையைச் சுத்திக்கொண்டுதான் கொட்டகையில நிக்கிறன்."

"நோகுதோ?"

"நோவே இல்லைத் தம்பி. அதுதான் ஒரு நிம்மதி. கொஞ்சம் கறுத்துப் போச்சு, அவ்வளவுதான்."

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் நீரிழிவுக்காரருக்கு நோகவில்லை என்பது நல்ல செய்தி அல்ல என்று பத்து வருடமாக நர்ஸ் சொல்வதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். இந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: தைரியம் சொல்வது. "ஒண்டும் இராது அக்கா" என்பது வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். செய்ய வேண்டியது: தெரிந்தவர் கையில் தொலைபேசியைக் கொடுப்பது, அதுவும் உடனே. அவரை மறுபடி வரிசையில் போட்டுப் பாட்டுக் கேட்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பியில்லாத தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நர்ஸின் அறைக் கதவைத் தட்டினேன். தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஊசியை முடித்தார், கையை நீட்டினார்.

அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்க, அக்காவின் பதிலை நான் திருப்பிச் சொல்ல, ஒரு நிமிடம்தான் ஆனது. நடுக்கம் இருக்கிறதா? நேற்றிரவு கொஞ்சம் குளிர்ந்ததாம். சிவப்பு மேலே ஏறுகிறதா? கணுக்கால் வரைக்குமாம்.

"ஆஸ்பத்திரி. இன்றைக்கு. இப்போதே" என்றார் நர்ஸ்.

"இப்பவோ?" என்றார் அக்கா. "கரட் லோட் அஞ்சு மணிக்குப் போகவேணும் தம்பி. இவரும் காரைக் கொண்டு வேலைக்குப் போயிட்டார். திங்கக்கிழமை வாறன் எண்டு அந்த அம்மாவிட்டைச் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். நர்ஸ் மொழிபெயர்ப்பு முடியும் வரை காத்திருக்கவில்லை. "பக்கத்தில் முதலாளி இருக்கிறாரா? அவரிடம் கொடுக்கச் சொல்" என்றார். முதலாளி வந்தார். நர்ஸ் அவரிடம் என்ன சொன்னார் என்பதை இங்கே முழுவதும் எழுத முடியாது. கரட் என்ற சொல் இரண்டு தடவை வந்தது, இரண்டும் மரியாதையாக இல்லை. ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் தன் பிக்கப் வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சொன்னார். நான் திரும்பி வந்து இருமும் குழந்தையின் பெயரை மூன்று தரம் சரிபார்த்தேன். தாய் கோபப்படவில்லை. "அவங்களுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். நான் பேசியதெல்லாம் அறை முழுவதற்கும் கேட்டிருக்கிறது.

சனிக்கிழமை வெட்டினார்கள். சின்ன விரல் போயிற்று. கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் கணுக்காலோடு வெட்டும் பேச்சு வந்திருக்கும் என்றும், இரண்டு நாள் முந்தியிருந்தால் விரலும் இருந்திருக்கும் என்றும் அங்கே சொன்னார்களாம். முதல் பாதியைக் கேட்டு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டாவது பாதி எனக்கு மட்டும் கேட்டது. அந்த இரண்டு நாளும் என் குரல் அவருக்கு வருக வருக சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் மலேசியாக்காரர், நல்ல மனுசன், யாரையும் காக்கவைப்பது பிடிக்காது.

"என்னா அண்ணே, காலையிலேயே மொகம் இப்படி இருக்கு?"

"டாக்டர், ஒரு உதவி. இந்த ஃபோனில எங்கட கிளினிக்குக்கு எடுத்து ஒரு அப்பொயின்மென்ட் கேளுங்கோ." என் மனைவியின் ஃபோன். அக்காவிடம் கேட்டு, அவர் ஃபோனில் இருந்த அளவு காசுதான் அதிலும் போட்டிருந்தேன்.

அவர் விளங்காமல் சிரித்துக்கொண்டே அழுத்தினார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன். கதவு திறந்திருந்தது. முதலில் ஆங்கிலம், பிறகு ஹிந்தி, பிறகு சமோவா மொழி, அதற்குப் பிறகு தமிழுக்கு நான்கு. நான்கை அழுத்தினார். என் குரல் நடைபாதை முழுக்க ஒலித்தது. பெரியோர்களே. தாய்மார்களே. காத்திருப்போர் அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெஞ்சார. மனமார. எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது போலிருந்தது. "இப்பொன்னான வேளையிலே…" கீக் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

டாக்டர் ஃபோனையே பார்த்தார். "காசு முடிஞ்சிருச்சா?"

"ஓம்."

"அந்தம்மாவுக்கும் இப்படித்தானா?"

"ஓம் டாக்டர். இதே இடத்தில."

ஃபோனை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார், "பொன்னான வேளைக்கு அப்புறம் என்னா சொல்றீங்க அண்ணே?"

"அவசரமெண்டால் ஒண்டை அமத்துங்கோ எண்டு சொல்லுறன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கதவடியில் கவிதா நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நான் ரிப்போர்ட்டைத்தான் பார்த்தேன் அண்ணா" என்றார் மெதுவாக. "நான் அதையும் பாக்காமல் தலையாட்டினனான்" என்றேன். அன்று மத்தியானத்துக்குள் பழைய எண்ணைத் திரும்ப எடுத்துவிட்டார். கம்பனிக்காரரோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் சண்டை. அதில் முக்கால் மணி நேரம் அவர்கள் பாட்டைத்தான் கேட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மேசைக்கு இன்னொரு ஆளும் போட்டார்கள். துண்டிக்கப்பட்ட அழைப்பு எதுவானாலும் நான்கு மணிக்கு முன் திருப்பி எடுக்க வேண்டும் என்ற விதி, உங்கள் மேசையில் ஒட்டியிருக்கிறதே, அது கவிதா தன் கையால் எழுதியது. தமிழ் வரவேற்புரையும் சுருங்கிவிட்டது. இப்போது அது "வணக்கம், சொல்லுங்கோ" மட்டும்தான், அதையும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு யோகம் அக்கா ஒரு பெட்டி கரட்டோடு வந்தார். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விசர்க்கதை கதையாதையும். ஒரு விரல் குறைய, சப்பாத்து லேசாப் போகுது" என்றார். நர்ஸுக்கு என்று தனியாக ஒரு கட்டுக் கரட் வைத்திருந்தார். அவர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

என் கடைசி வேலை நாள் உங்களில் ஒருவருக்கு முதல் நாள். நினைவிருக்கிறதா? ஐந்து மணிக்குப் பையை எடுத்துத் தோளில் போடும்போது தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. "யாரும் இல்ல அங்கிள், நீங்க கெளம்புங்க" என்றீர்கள். நான் பையை இறக்கி வைத்தேன். திரையில் அந்த எண். திருப்பி எடுத்தேன்.

"தம்பியோ? சரியா எடுத்துப்போட்டீர்."

"என்ன அக்கா, என்ன விசயம்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. நீர் இண்டையோட வேலையை விட்டு நிக்கிறீராம் எண்டு கேள்விப்பட்டன். சும்மாதான் எடுத்தன்."

"சப்பாத்துப் போட்டிருக்கிறியளோ?"

"ஓம் ஓம், ரெண்டு காலுக்கும் போட்டிருக்கிறன்."

அதற்குப் பிறகுதான் பையை எடுத்தேன்.